பூட்டிய வீட்டு வாசலில் சின்னச் செருப்புகள்

1

போன வாரம் திங்கட்கிழமை மத்தியானம், என் வீட்டு வாசலில் நானே பிச்சைக்காரி மாதிரி நின்றேன். சாவியை ஆபீஸ் மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டேன். உள்ளே என் மகள் கோமதி இருக்கிறாள். மூன்றாம் வகுப்பு. மணியை அடித்தேன். பதில் இல்லை. மறுபடி அடித்தேன். கதவைத் தட்டினேன்.

"ஏட்டி கோமு, நாந்தாண்டி, அம்மா. கதவத் தொற."

மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. ஏப்ரல் வெயில் பிடரியில் விழுகிறது. அடுத்த வீட்டு மேஜர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பஞ்சாபிக்காரர், மதில் மேலாக எட்டிப் பார்த்து இந்தியில் சொன்னார்: "வீட்டில் யாரும் இல்லை மேடம். நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு சத்தமும் கேட்கவில்லை."

யாரும் இல்லையென்றால் பிள்ளை எங்கே? அப்புறம்தான் குனிந்து பார்த்தேன். படிக்கட்டில் அவளுடைய பள்ளிக்கூட ஷூ இருந்தது, சாக்ஸ் இரண்டும் அதற்குள் திணித்தபடி. பிள்ளை உள்ளேதான் இருக்கிறாள். ஓடிப்போய் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைக் கண்ட பிறகும் கொஞ்ச நேரம் யோசித்துத்தான் எழுந்தாள்.

அவளைத் திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. அவள் செய்தது எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான். "யாரு மணி அடிச்சாலும் சத்தம் காட்டாத. அம்மா குரல்ல பேசினாலும் தொறக்காத. நான் வந்தா சாவி போட்டுத் தொறந்துக்கிடுவேன்." பிள்ளை பிசகாமல் செய்திருக்கிறாள். அப்படிச் செய்ததால் பட்டாளத்து மேஜரே வீட்டில் ஆளில்லை என்று சத்தியம் பண்ணுகிறார்.

அந்த நிமிஷத்தில் எனக்கு மல்லாபூர் ஞாபகம் வந்தது. அய்யோ, நாங்கள் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறோம் என்று திக்கென்றது.

2

திருநெல்வேலியில் இருக்கும் உங்களுக்கு இதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். "ஹைதராபாத் என்ன சிங்கப்பூரா, நம்ம பக்கத்து ஸ்டேட்டுதானே" என்று ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்கிறீர்கள். உண்மைதான். பாஸ்போர்ட் வேண்டாம். ஆனால் ரேஷன் கார்டு வாங்க எட்டு ஆபீஸ் ஏறி இறங்க வேண்டும், ஒவ்வொரு ஆபீசிலும் "நீங்கள் இங்கே எத்தனை காலமாக?" என்று கேட்பார்கள். என் தெலுங்கில் மரியாதை எங்கே ஒட்டும், எங்கே உதிரும் என்று எனக்கே தெரியாது. ஒரு தாசில்தாரை "நுவ்வு" என்று ஒருமையில் கூப்பிட்டுவிட்டு, அவர் முகம் போன போக்கைப் பார்த்து மூன்று மாதம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.

இவருக்கு மத்திய அரசின் பாதுகாப்புத் துறையில் வேலை மாற்றலாகி நாங்கள் வந்தபோது, ஊரே கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று பறந்துகொண்டிருந்தது. இப்போதும் இறங்கிய பாடில்லை. தமிழர்கள் என்றால் "சாஃப்ட்வேரா?" என்பார்கள். என்னைக் கேட்டால் "இல்லை, பிள்ளைகளைப் பற்றி ஆராய்ச்சி" என்பேன். கேட்டவர் பாவமாகப் பார்ப்பார். ஒரு சமூக ஆய்வு நிறுவனத்தில் வேலை. வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள், அதற்கு அரசாங்கம் என்ன செய்யலாம் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது எங்கள் பிழைப்பு.

அம்மா பாளையங்கோட்டையிலிருந்து ஃபோனில் கேட்பாள்: "ஊரான் பிள்ளைய ஆராய்ச்சி பண்ணுதியே, ஒம் பிள்ளைய யாருட்டி பாக்கா?"

"ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானே வளரும்னு நீதானம்மா சொல்லுவ" என்று மடக்கிவிடுவேன். அந்தப் பழமொழியை நம்பித்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன்.

கோமதியும் வளர்ந்தாள், தெலுங்கிலும் இந்தியிலுமாக. நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். தட்டில் தோசை வைத்தால் "நக்கோ" என்பாள், வேண்டாமாம். என் மாமியார் பெயரை வைத்ததற்கு அந்தப் பெயர் ஒன்றுதான் முழுசாக மிஞ்சியிருக்கிறது, அதையும் பள்ளிக்கூடத்தில் 'கோம்' என்று சுருக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் இருப்பாள். ஆன்ட்டியின் மகன் அமெரிக்காவில் சாஃப்ட்வேர். மருமகளுக்குப் பிரசவம் என்று சங்கராந்தி முடிந்த கையோடு ஆன்ட்டி விமானம் ஏறிவிட்டார். இந்த சைனிக்புரியில் எங்கள் தெருவில் பிள்ளை பார்க்கத் தெரிந்த பெண்கள் எல்லாரும் இப்போது அமெரிக்காவில்தான் பிள்ளை பார்க்கிறார்கள்.

அதோடு மார்ச் பாதியில் இங்கே 'ஒண்டிபூட்ட' பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். வெயிலுக்காக அரை நாள் பள்ளி. மத்தியானச் சோற்றுக்கே பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு யாரும் அரை நாள் ஆபீஸ் வைப்பதில்லை. இவர் ஆபீசிலோ செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவசரத்துக்குக் கூப்பிட வழியில்லை. அதனால் கோமதிக்குச் சட்டங்கள் போட்டேன். கேஸ் பக்கம் போகாதே. மணி அடித்தால் மூச்சு காட்டாதே. ஃபோன் வந்தால் தனியாக இருக்கிறேன் என்று சொல்லாதே, அம்மா குளிக்கிறாள் என்று சொல்லு. ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, கேஸை மூடினேனா, மூடினேனா என்று நான் படும் பாடு அந்தக் கடவுளுக்கே வெளிச்சம்.

3

மல்லாபூர் தெரியாதவர்களுக்கு: ஹைதராபாத்தில் நாச்சாரத்தை ஒட்டிய தொழிற்பேட்டை. சின்னதும் பெரியதுமாகக் கம்பெனிகள், அவற்றுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட லைன் வீடுகள். ஒரு அறை, ஒரு ஜன்னல். ஆணும் பெண்ணும் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள்.

அங்கே ஒரு பழைய சமுதாயக் கூடம் காலியாகக் கிடக்கிறது. அதைப் பிள்ளைகள் காப்பகமாக ஆக்குவதா, இல்லை இளைஞர்களுக்கு இலவசக் கம்ப்யூட்டர் பயிற்சி மையமாக ஆக்குவதா என்று அரசுத் துறையில் கேள்வி. எங்களை ஆய்வு செய்து சொல்லச் சொன்னார்கள். நாங்களும் செய்தோம். வரைவு அறிக்கையும் கொடுத்தாயிற்று. அதன் சாரம்: 'மல்லாபூரில் பெரும்பாலான சிறு பிள்ளைகள் தாயின் பராமரிப்பிலேயே இருக்கிறார்கள். காப்பகத்துக்கு அவசரத் தேவை தென்படவில்லை.' வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முடிவெடுப்பதாக இருந்தார்கள். கம்ப்யூட்டர் மையத்துக்கு மேஜை அளவு எடுக்க ஆள்கூட வந்துவிட்டுப் போனதாகக் கேள்வி.

எப்படி இந்த முடிவுக்கு வந்தோம் தெரியுமா? கணக்கெடுக்கப் போகும் பெண்கள் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதால் பகலில்தான் அனுப்புவோம். பூட்டிய வீடு வந்தால் விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். இது உலகத்தில் எல்லா ஆய்விலும் உள்ள நடைமுறை. அந்தப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது நான்தான். "டோர் லாக்னா நிக்கக் கூடாது, டைம் வேஸ்ட்" என்று நானே சொல்லியிருக்கிறேன். ஆக, பகலில் திறந்திருந்த வீடுகளில் வேலைக்குப் போகாத தாய்மாரைக் கண்டு, "பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறோம். "நான்தான்" என்று சொல்லியிருக்கிறார்கள். வேறென்ன சொல்வார்கள்? படித்த மடச்சிகள் கூடிச் செய்த காரியம் இது.

பூட்டிய வீட்டுக்குள் யாராவது இருந்தால் என்ன என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. என் மகள் எனக்கே கதவைத் திறக்க மறுத்த பிறகுதான் எனக்கும் தோன்றியது.

4

மறுநாள் ஸ்வரூபாவைக் கூட்டிக்கொண்டு மல்லாபூருக்குப் போனேன். ஸ்வரூபா என் குழுவில் மிஞ்சியிருக்கும் ஒரே தெலுங்குப் பெண். மற்றவர்கள் எல்லாம் எங்கள் சம்பளத்தைப்போல் இரண்டு பங்கு தரும் கால் சென்டருக்குப் போய்விட்டார்கள்.

முதல் சந்தில் நாலாவது வீடு. தொங்கு பூட்டு. "தாளம் வேசுந்தி மேடம்" என்றாள் ஸ்வரூபா. பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். பழக்க தோஷத்தில் அவள் கால் அடுத்த வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

"நில்லு. கீழ பாரு" என்றேன்.

பூட்டிய கதவுக்கு முன்னால் இரண்டு ஜோடிச் செருப்புகள். ஒன்று என் கையளவு, வார் அறுந்து ஊக்கு குத்திய ரோஸ் கலர். இன்னொன்று அதைவிடச் சின்னது, நடந்தால் கீக்கீ என்று சத்தம் போடுமே, அந்த மாதிரி. வீட்டில் ஆளில்லை என்று ஊருக்குக் காட்டப் பூட்டுப் போடுகிறவளுக்கும், செருப்பை வீட்டுக்குள் கொண்டுபோக மனசு வராது. நமக்கெல்லாம் அப்படித்தானே வளர்ப்பு. செருப்பு வாசலோடு சரி.

கதவைத் தட்டினேன். பதில் இல்லை. பலகையில் காதை வைத்தேன். ஃபேன் ஓடும் சத்தம். அப்புறம் ஒரு டம்ளர் உருண்டது. உடனே "ஷ்ஷ்" என்று ஒரு சின்ன வாய். ஸ்வரூபா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எதிரே மளிகைக்கடை பாய் அவசரமாக எழுந்து வந்தார். "நக்கோ மேடம், நக்கோ. எதுக்குத் தட்டுறீங்க? பச்சே, சின்னப் புள்ளைங்க, பயந்துபோவாங்க. அந்தம்மா இப்ப வரும், சாப்பாட்டு சைரன் ஊதுற டைம்தான்."

சைரன் ஊதியது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வந்தாள். மருந்துக் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற செல்வி. சாவி தாலிக் கயிற்றில் தொங்கியது. வாசலில் எங்களைப் பார்த்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"இன்னா ஆச்சு? புள்ளைங்களுக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா, ஒண்ணும் ஆகல. நல்லா இருக்காங்க" என்று நான் தமிழில் சொன்ன பிறகுதான் மூச்சு விட்டாள். திருவண்ணாமலைப் பக்கமாம்.

கதவு திறந்ததும் உள்ளேயிருந்து அனல் வந்து முகத்தில் அடித்தது. ஆறு வயதில் ஒரு பெண் பிள்ளை, பெயர் மீனா. ஒன்றரை வயதில் தம்பி. தம்பியின் இடுப்பைப் பழைய சேலைத் துணியால் கட்டில் காலோடு கட்டியிருந்தது. அடுப்புப் பக்கம் போகாமல் இருக்க. துணியின் நீளம் ஜன்னல் வரை எட்டும், அடுப்பு வரை எட்டாது. அளந்து கட்டியிருக்கிறாள். மீனா எங்களைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் தெலுங்கில், நான் பேசவேயில்லை, தம்பியையும் பேசவிடவில்லை என்றாள். பரிட்சையில் பாஸான முகம் அவளுக்கு.

செல்வி சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினாள். "இன்னாக்கா பண்றது? ஊர்ல இருந்து ஆள் வர்றதுக்கு யாரும் இல்ல. அவரு ஃபவுண்டரியில. நாள் முழுக்க வயிறு எரியுதுக்கா. தீ வண்டி சத்தம் கேட்டாப் போதும், எங்க வூடுதான்னு நெனச்சிக்குவேன்."

நான் ஆய்வு என்றும் காப்பகம் என்றும் சொல்ல ஆரம்பித்ததும் அவள் கை நின்றுவிட்டது. "எழுதிடாதீங்கக்கா. கால்ல உழறேன். போலீசு வந்து புள்ளைங்கள ஹோமுக்கு இட்னு பூடுவாங்க. போன வருசம் பக்கத்து லைன்ல ஒருத்திக்கு அப்டி ஆச்சு."

"பேரு எழுத மாட்டேன் செல்வி. வீட்டு நம்பர் எழுத மாட்டேன்."

"எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க." சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "உங்களுக்குப் புள்ள இருக்குதாக்கா?"

"இருக்கா. ஒரே பொண்ணு."

"இப்ப எங்க இருக்குது?"

பொய் சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் என்றால் முடிந்தது. "வீட்டுலதான். தனியா. மணி அடிச்சாக்கூட சத்தம் காட்டாதேன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றேன்.

செல்வி சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள். அப்புறம், "உங்களுக்குமாக்கா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் எங்களை உட்காரச் சொன்னாள்.

கிளம்பும்போது, செருப்பைப் பார்த்துத்தான் பிள்ளைகள் இருப்பது தெரிந்தது என்று சொன்னேன். கெட்டவன் எவனாவது பார்த்தால் என்ற பயம் எனக்கு. அவள் உடனே இரண்டு ஜோடியையும் பொறுக்கினாள். நிலைப்படியில் தயங்கி நின்றாள். பிறகு பேப்பரில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். இனிமேல் அந்த வீட்டைக் கடந்து போகிற யாருக்கும் அது வெறும் பூட்டிய வீடு.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் இவரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கோமதி தயிர்ச்சாதத்தில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

5

எங்கள் புரொஃபசர் நல்ல மனுஷர். ஆனால் நடைமுறை என்றால் அவருக்குக் கோயில் பூஜை மாதிரி. "ஏமம்மா," என்று ஆரம்பித்தார். "தேசம் முழுக்கப் பூட்டிய வீடு என்றால் அடுத்த வீடுதான். நீ மட்டும் என்ன புதுசாகச் சொல்கிறாய்?"

"சார், நாம பூட்டத் தேடித்தான் போயிருக்கணும். பூட்டப் பாத்துத் திரும்பி வந்துட்டோம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறிக்கை போய்விட்டது, திரும்பக் கேட்டால் நிறுவனத்தின் பெயர் என்னாகும், அடுத்த ஆய்வுக்குப் பணம் வருமா என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாமே நியாயமான பயம். கடைசியில், "கூட்டத்தில் நீயே பேசு. நான் குறுக்கே நிற்க மாட்டேன். தாங்கவும் மாட்டேன்" என்றார். எனக்கு அதுவே பெரிசு.

புதனும் வியாழனும் சாயங்காலம், ஷிஃப்ட் முடிந்து பெண்கள் குழாயடிக்கு வரும் நேரத்துக்கு நானும் ஸ்வரூபாவும் போனோம். முதலில் ஒருத்தியும் உண்மையைச் சொல்லவில்லை. "எங்க பிள்ளைங்களப் பக்கத்து வீட்டுல பாத்துக்குவாங்க" என்று எல்லாரும் பக்கத்து வீட்டைக் காட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி அவளுக்குப் பக்கத்து வீட்டைக் காட்டினாள்.

செல்விதான் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை. "இந்தக்காவும் நம்மள மாதிரிதான். புள்ளய வூட்ல போட்டு மூடிட்டுதான் வேலைக்கு வருது."

எத்தனையோ கருத்தரங்கில் என்னை எப்படியெல்லாமோ அறிமுகம் செய்திருக்கிறார்கள். இப்படி ஒருவரும் செய்ததில்லை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் குழாயடியில் பேச்சு நிற்கவில்லை. கட்டிப்போடுகிறவள், தூக்க மருந்து சொட்டு விடுகிறவள், பெரிய பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டில் வைத்தவள். ஒவ்வொருத்தியும் சொல்லி முடித்ததும் ஒரே வேண்டுதல்தான் வைத்தாள்: எங்க வீட்டக் காட்டிடாதீங்க. ஒவ்வொருத்தியிடமும் சத்தியம் பண்ணினேன்.

வியாழன் ராத்திரி எனக்குத் தூக்கம் கிடையாது. சொல்லாவிட்டால் கூடம் போய்விடும், மீனாவும் தம்பியும் இந்தக் கோடை முழுக்க அந்த அனலில் கிடப்பார்கள். சொன்னால், எவனாவது ஜீப்பில் ஏறி மல்லாபூருக்குப் போய்ப் பூட்டை உடைத்துப் பிள்ளைகளைத் தூக்கிவிடுவானோ? என்னை நம்பி அக்கா என்று கூப்பிட்டவளுக்கு நானே எமனாகிவிடுவேனோ? இரண்டு பக்கமும் இடி.

6

வெள்ளிக்கிழமை கூட்டம் மத்தியானம்தான் ஆரம்பித்தது. நீள மேஜை, பிஸ்கட் தட்டு, தலைமையில் ஒரு அதிகாரி. கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர். நான் எழுதி வைத்ததைப் படித்தேன். பகலில் போனது தப்பு, பூட்டிய வீடுகளை விட்டது தப்பு, உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று இங்கிலீஷில் சொல்லி முடித்தேன்.

அதிகாரி பேனாவை மூடினார். "மேடம், போன மாதம் பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லை என்று எழுதினீர்கள். இந்த மாதம் இருக்கிறது என்கிறீர்கள். காப்பகம் வருகிறது என்றால் அந்தப் பெண்கள் எதையும்தான் சொல்வார்கள். நான் கண்ணால் பார்க்க வேண்டும். கீழே ஜீப் நிற்கிறது. இந்த நிமிஷம் பிள்ளை தனியாக இருக்கிற ஒரே ஒரு வீட்டைச் சொல்லுங்கள், போதும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். புரொஃபசர் பிஸ்கட்டைப் பார்த்தார். முதல் சந்து, நாலாவது வீடு என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் கூடம் கிடைத்துவிடும். செல்வியின் பிள்ளைகளை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது.

"அவங்க யாரோட விலாசமும் தர முடியாது சார். வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அப்படியென்றால் அடுத்த விஷயத்துக்குப் போகலாமா?"

"ஒரு வீடு சொல்லுதேன் சார்." பதற்றத்தில் திருநெல்வேலித் தமிழ் வந்துவிட்டது. தெலுங்கில் மறுபடி சொன்னேன். "விலாசம் எதுக்கு, ஃபோன் நம்பரே தாரேன். சைனிக்புரி. என் வீடு."

அதிகாரி கொஞ்சம் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு. மேஜை ஃபோனில் ஸ்பீக்கரை அமுக்கி நம்பரைத் தட்டினார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. கேஸ், கரண்ட், மாடிப்படி எல்லாம் என் கண் முன்னால் வந்துவிட்டது. எடுட்டி, எடுட்டி என்று மனசுக்குள் கத்தினேன். பிறகு எடுத்தாள்.

"ஹலோ, எவரண்டி?" யார் பேசுவது என்று சுத்தமான தெலுங்கில், பெரிய மனுஷி தோரணையில்.

"அம்மாவிடம் கொஞ்சம் கொடம்மா" என்றார் அதிகாரி, தெலுங்கில்.

"அம்மா ஸ்நானம் சேஸ்துந்நாரண்டி."

அம்மா குளித்துக்கொண்டிருக்கிறார். அந்த அம்மா மேஜையின் இந்தப் பக்கம், கையில் அறிக்கையோடு உட்கார்ந்திருக்கிறாள்.

"எப்போது வருவார்?"

"இன்று வெள்ளிக்கிழமை அல்லவா, தலைக்குக் குளிக்கிறார். நேரமாகும்" என்று அதே தெலுங்கில் சொன்னாள். தலைக்குக் குளிப்பதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை அவளே சேர்த்துக்கொண்டாள். எத்தனை ஃபோனுக்குச் சொல்லிச் சொல்லி இவ்வளவு பழகியிருப்பாள்?

அதிகாரியின் குரல் மாறிவிட்டது. "உனக்குப் பயமாக இல்லையாம்மா?"

"பயம் எந்துகண்டி? அம்மா இன்ட்லோனே உந்நாரு கதா."

பயம் எதற்கு? அம்மா வீட்டில்தானே இருக்கிறார்கள்.

அதிகாரி ஸ்பீக்கரை அணைத்தார். நான் அழுதேன். மூக்கைச் சிந்தி அழுதேன், வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. பிள்ளைகள் நலம் பற்றி ஆராய்ச்சி செய்கிறவளின் லட்சணம் இதுதான் என்று அறை முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த மேஜையில் இருந்த இன்னொரு பெண், கணக்குப் பிரிவுக்காரி, தன் கைப்பையிலிருந்து செல்போனை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனாள். வீட்டுக்குத்தான் பேசப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

புரொஃபசர் தொண்டையைக் கனைத்தார். தாங்க மாட்டேன் என்றவர், "அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்" என்றார்.

அதிகாரி மல்லாபூர் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "காப்பகம் வைத்தால் காலை ஷிஃப்டுக்கு எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, "நீங்கள் முதலில் வீட்டுக்குப் போங்கள் மேடம். அதை உங்கள் புரொஃபசர் சொல்வார்" என்றார்.

7

கூடம் பிள்ளைகளுக்குத்தான் என்று இந்த வாரம் முடிவாகிவிட்டது. கம்ப்யூட்டரை வேறு எங்கேயோ வைக்கப் போகிறார்களாம். யார் வீட்டுப் பூட்டும் உடையவில்லை. செல்வி பாய் கடை ஃபோனிலிருந்து கூப்பிட்டு, "மெய்யாலுமாக்கா? மெய்யாலுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்குச் சந்தோஷம்தான். சைனிக்புரியில் அப்படி ஒரு கூடம் கிடையாது என்பதும் ஞாபகம் இருந்தது. நான் அரைச் சம்பளத்தில் அரை நாள் வேலை கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஸ்கூட்டரை எப்படி ஓட்டி வந்தேன் என்று தெரியாது. வாசலுக்கு வந்து படிக்கட்டைப் பார்த்தேன். ஷூ இல்லை.

ஷூ இல்லையென்றால் பிள்ளை வெளியே போய்விட்டாள், அல்லது யாரோ கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சாவி துவாரத்தில் சாவி நுழைய மாட்டேன் என்கிறது. கதவைத் தள்ளிக்கொண்டு, "கோமூ!" என்று கத்தினேன்.

ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள். தெலுங்கும் இங்கிலீஷுமாக அவள் சொன்னதை உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"அம்மா, யாரோ ஒரு அங்கிள் ஃபோன் பண்ணினார். நீ தலைக்குக் குளிக்கிறாய் என்று சொல்லிவிட்டேன். அப்புறம், அந்த மல்லாபூர் ஆன்ட்டி மாதிரி நானும் ஷூவை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். இனிமேல் நான் இங்கே இருக்கிறேன் என்று யாருக்குமே தெரியாது. கரெக்டா?"

கட்டிலுக்கு அடியில் பேப்பரில் சுற்றி வைத்திருந்த ஷூவை எடுத்துக்கொண்டு போய், வாசலில் பழைய இடத்தில் வைத்தேன். என் செருப்பையும் கழற்றி அதன் பக்கத்தில் விட்டேன்.